14 எழுத்தில் தொடங்கிய 'என்'

சி மொழியில் இரண்டு எழுத்துச்சரங்கள் ஒன்றுதானா என்று பார்க்க ஸ்டர்கம்ப் இருக்கு. எத்தனை எழுத்து வரை பார்க்கணும் என்று எண்ணிக்கையும் கேட்பது ஸ்டர்-என்-கம்ப். "என் போட்டதுதான் பாதுகாப்பு, அதையே எழுது" என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீங்க. பழைய கதையைப் பார்த்தால் விஷயம் வேற.

1970களின் யூனிக்ஸில் ஒரு கோப்பகப் பதிவுக்கு 16 பைட். அதில் 2 பைட் ஐநோட் எண், மீதி 14 பைட் கோப்பின் பெயர். பெயர் சின்னதா இருந்தா மிச்ச இடத்தில் பூஜ்யம். சரியா 14 எழுத்து இருந்தா? முடிவைக் காட்டும் பூஜ்யத்துக்கு இடமே கிடையாது. ஸ்டர்கம்ப்பை அதன்மேல் விட்டால் பக்கத்துப் பதிவையும் சேர்த்துப் படித்துவிட்டு, ஒரே பெயரை "வேறு" என்று சொல்லிவிடும். "14-ஓடு நில்லு" என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. நகலெடுக்கும் ஸ்டர்-என்-சிபி இந்த மாதிரிக் கட்டங்களுக்காகவே வந்தது என்று சி தரத்தின் விளக்கவுரையே சொல்லுது. ஸ்டர்-என்-கம்ப்பும் அந்த வேலைக்கு அப்படியே பொருந்துது.

1983-ல் 4.2 பிஎஸ்டி பெயரின் நீளத்தை 255 வரை கூட்டியது. அந்தக் கட்டம் போச்சு, 'என்' மட்டும் தங்கிவிட்டது.

2017 மே மாதம் வெளியான இன்டெல் ஏஎம்டி ஓட்டை இதன் விலையைக் காட்டியது. அலுவலகக் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதி அது. உள்ளே நுழைய 32 எழுத்துப் பதில் ஒன்று சரியா இருக்கணும். ஒப்பிட்டது ஸ்டர்-என்-கம்ப்தான். ஆனா எண்ணிக்கையாகக் கொடுத்தது, உள்ளே வர நினைப்பவர் அனுப்பிய பதிலின் நீளத்தை! வெற்றுப் பதில் அனுப்பினால் நீளம் 0. பூஜ்யம் எழுத்தை ஒப்பிட்டால் எல்லாமே சமம். கடவுச்சொல் தெரியாமலே நிர்வாகி ஆகிவிடலாம். வெறும் ஸ்டர்கம்ப் இருந்திருந்தால் இந்தக் கதவு திறந்திருக்காது.

நின்டெண்டோ வீயில் நடந்தது இன்னொரு வகை. மென்பொருளின் கையெழுத்தைச் சோதிக்க 20 பைட் ஹாஷை ஸ்டர்-என்-கம்ப்பால் ஒப்பிட்டாங்க. ஹாஷ் எழுத்துச்சரமே இல்லை, அதில் எங்கே வேணும்னாலும் பூஜ்யம் வரலாம். இந்தச் செயல்கூறோ பூஜ்யத்தைக் கண்டதும் வேலை முடிந்தது என்று நின்றுவிடும். கையெழுத்தை முழுக்கப் பூஜ்யமாக வைத்துவிட்டு, ஹாஷின் முதல் பைட்டும் பூஜ்யமாகும் வரை கோப்பைச் சின்னச் சின்னதா மாற்றினால் போதும். சராசரியா 256 முயற்சி. அங்கே வேண்டியிருந்தது மெம்கம்ப்.

அதனால் தேர்வு இப்படி: இரண்டும் பூஜ்யத்தில் முடியும் சரங்கள் என்றால் ஸ்டர்கம்ப். அளவு நிலையான கட்டம், அல்லது முன்னொட்டு மட்டும் பார்க்கணும் என்றால் ஸ்டர்-என்-கம்ப். வெறும் பைட்டுகள் என்றால் மெம்கம்ப். 'என்' போடும்போது அந்த எண் எங்கிருந்து வருது என்று ஒருமுறை பாருங்க. வெளியாள் கொடுத்த எண்ணாக இருந்தால், எவ்வளவு சோதிக்கணும் என்பதை அவரே முடிவு பண்றார்.