மருந்தும் பிரசாதமும்: நம்பிக்கை, அறிவு, அடையாளம் குறித்து ஐதராபாத் தரும் சான்று

சூரியன் மிருகசீரிட நட்சத்திரத்தில் புகும் நாளைத் தெலுங்கு நாட்டில் மிருகசிர கார்த்தி என்பார்கள். ஜூன் முதல் வாரத்தை ஒட்டி வரும் அந்நாளில் ஐதராபாத் நாம்பள்ளி பொருட்காட்சித் திடலில் ஆஸ்துமா நோயாளிகள் பல்லாயிரக்கணக்கில் கூடுகிறார்கள். மீன்வளத்துறைக் கவுண்டரில் விலை கொடுத்து வாங்கிய விரால் குஞ்சு தண்ணீர்ப் பையில் துள்ளிக்கொண்டிருக்கும். பத்தினி கவுடு குடும்பத்தார் அதன் வாயில் மஞ்சள் நிறப் பசையை வைத்து, மீனை உயிரோடு நோயாளியின் தொண்டைக்குள் விரலால் தள்ளிவிடுகிறார்கள். மீன் உண்ணாதவர்களுக்கு அதே பசை வெல்லத்தோடு கிடைக்கும். பிறகு 45 நாள் பத்தியம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வந்தால் நோய் போகும் என்பது குடும்பத்தின் வாக்கு. 1845இல் வீரண்ண கவுடு என்ற முன்னோருக்கு ஒரு சாமியார் சொல்லிக் கொடுத்த முறை இது என்றும், காசு வாங்கக் கூடாது, செய்முறையை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர் கட்டளை என்றும் அவர்கள் சொல்கிறார்கள்.

நெடுங்காலம் இதற்கு மீன் மருந்து என்றே பெயர். ஜன விஞ்ஞான வேதிகா என்ற அறிவியல் இயக்கம் நீதிமன்றம் போனது. பசையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. அதன்பின் குடும்பம் அதை மீன் பிரசாதம் என்று அழைக்கத் தொடங்கியது. இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணை, குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாத நோய்களைப் பட்டியலிடுகிறது. ஆஸ்துமா அதில் ஒன்று. பிரசாதத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் மீன் மாறவில்லை. பசையும் நாளும் மாறவில்லை. 45 நாள் பத்தியமும் மூன்றாண்டுக் கணக்கும் அப்படியே நிற்கின்றன. கோயிலில் கையில் வாங்கும் பிரசாதத்துக்கு யாரும் பத்தியம் சொல்வதில்லை, அளவு சொல்வதில்லை, இத்தனை தடவை வந்தால்தான் பலன் என்று கணக்குச் சொல்வதும் இல்லை. பெயரளவில் நம்பிக்கையின் பக்கம் போய்விட்ட ஒன்று, வாக்களவில் இன்னும் அறிவின் பக்கமே நிற்கிறது. இந்தக் கட்டுரையின் விசாரணை இந்த இடைவெளியைப் பற்றியது.

நம்பிக்கைக்கும் அறிவுக்கும் உள்ள வேறுபாட்டை ஒருவர் மனதுக்குள் தேடுவதே வழக்கம். பிளேட்டோ காலம் தொட்டு, உண்மையான கருத்தோடு தக்க காரணமும் சேர்ந்தால் அது அறிவு என்று சொல்லி வந்திருக்கிறார்கள். நாம்பள்ளி வரிசையில் நிற்பவரையும் மருந்துக் கடையில் இன்ஹேலர் வாங்குபவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இந்த வரையறை கைகொடுக்காது. இன்ஹேலர் வாங்குபவருக்கு அதிலுள்ள மருந்து மூச்சுக் குழலில் என்ன செய்கிறது என்று பெரும்பாலும் தெரியாது. டாக்டர் எழுதித் தந்தார், வாங்குகிறார். வரிசையில் நிற்பவருக்கு மாமா சொன்னார், வந்திருக்கிறார். இருவர் மனநிலையும் ஒன்றுதான். பிறர் வாக்கை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். முன்னவரைப் பகுத்தறிவாளர் என்றும் பின்னவரை மூடர் என்றும் பிரிப்பது அநியாயம்.

மணிமேகலையின் ஆசிரியருக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. வஞ்சியில் சமயவாதிகளின் கொள்கைகளை மணிமேகலை கேட்கும் 27ஆம் காதையில், அளவைவாதி அறிவுக்கு வழியாகப் பத்து அளவைகளை அடுக்குகிறான். காண்டல், கருதல் என்று தொடங்கும் அந்த வரிசையில் ஐதிகமும் உண்டு. ஊரார் வழிவழியாகச் சொல்வதை ஏற்பது ஐதிகம். அதற்கு அவன் தரும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று தெளிவது. 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த நெறியை விளக்கும்போது அளவைகள் காட்சி, அனுமானம் என இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன. மற்றவை வேண்டுமானால் அனுமானத்துக்குள் அடங்கிக்கொள்ளலாம். ஐதிகம் பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. அது தன் காலில் தனியே நிற்க முடியாது, கேட்டால் காட்சிக்கோ அனுமானத்துக்கோ வழிகாட்ட வேண்டும் என்பதே கருத்து.

எனவே அறிவின் இலக்கணத்தை ஏற்பவர் மனதில் தேடாமல், அவருக்குப் பின்னால் இருக்கும் பாதையில் தேட வேண்டும் என்பது என் துணிபு. இன்ஹேலர் வாங்குபவர் விரும்பினால், அவரால் முடியாவிட்டால் அவருக்காக வேறொருவர், டாக்டரிடமிருந்து பாடநூலுக்கும் அங்கிருந்து சோதனைகளுக்கும் போகலாம். அந்தப் பாதை திறந்திருப்பதால்தான் அதில் திருத்தமும் நடக்கிறது. இன்ஹேலர் மருந்தான சால்பியூட்டமால் 1969இல் சந்தைக்கு வந்தது. அரை நூற்றாண்டு காலம் லேசான ஆஸ்துமாவுக்கு அது மட்டுமே போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2019இல், ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகளாவிய வழிகாட்டுதல் தரும் ஜினா அமைப்பு, இனி அதைத் தனியே தர வேண்டாம், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று மாற்றிச் சொன்னது. இதனால் எந்த நுரையீரல் நிபுணரும் தான் யார் என்பதை இழந்துவிடவில்லை. மீன் மருந்தின் பெருமையோ 1845 முதல் மாறவில்லை என்பதில் இருக்கிறது.

அடையாளம் இங்கேதான் உள்ளே நுழைகிறது. செய்முறையைக் காப்பவர்கள் என்பதே அந்தக் குடும்பத்தின் அடையாளம். பசையில் இருப்பதை அச்சிட்டுவிட்டால், அது வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், அவர்கள் அந்த நொடியில் மற்றக் குடும்பங்களைப் போல ஆகிவிடுவார்கள். ஆகவே சோதனைக்குத் தா என்பது அவர்கள் காதில் உன் குலத்தைத் தா என்றுதான் விழும். பல தலைமுறையாகக் காசு வாங்காமல் நாள் முழுக்க நின்று கொடுப்பவர்களை மோசடிக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அப்படிச் சொல்வது பிரச்சினையையே தவறாகப் புரிந்துகொள்வதும் ஆகும்.

எதிர்ப் பக்கத்திலும் இதே நகரம் ஒரு சான்று வைத்திருக்கிறது. பின்னாளில் இங்கே செல், மூலக்கூறு உயிரியல் மையத்தை நிறுவிய பி.எம். பார்கவா, சதீஷ் தவான், அப்துர் ரஹ்மான் ஆகியோர் 1964இல் அறிவியல் மனப்பான்மைக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அறிவு மனித முயற்சியால் மட்டுமே கிடைக்கும், தெய்வ வெளிப்பாட்டால் கிடைக்காது என்று தாம் நம்புவதாக உறுப்பினர் கையெழுத்திட வேண்டும். விஞ்ஞானிகள் ஒருவர் பின் ஒருவராக மறுத்தார்கள் என்று பார்கவா பிற்காலத்தில் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம் என்று அதை வாசிப்பதே வழக்கம்.

எனக்கு அந்த வாசிப்பு பாதிதான் சரி என்று படுகிறது. அந்தத் தாள் அவர்களுடைய ஆய்வு முடிவுகளைக் கேட்கவில்லை. நீ யார் என்று கேட்டது. சோதனை என்ற வழிமுறையைச் சங்கத்தில் சேர்வதற்கான பிரமாணமாக மாற்றியவுடன், அறிவும் ஓர் அடையாளமாகி, கோத்திரம் கேட்பதைப் போல ஆகிவிட்டது. 1980இல் குன்னூரில் கூடிய அறிஞர்கள் உருவாக்கி 1981இல் வெளியான அறிவியல் மனப்பான்மை அறிக்கைக்குச் சமூகச் சிந்தனையாளர் ஆஷிஸ் நந்தி உடனே மறுப்பு எழுதியதன் காரணமும் இதற்கு அருகில்தான் இருக்கிறது. அறிவியலும் அதிகாரமாகும், எளிய மக்கள் மீது பாயும் என்றார் அவர். அந்த எச்சரிக்கையை ஏற்கிறேன். ஆனால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம்பள்ளியில் மீன் தருவது அரசுத் துறை, வரிசையைக் காப்பது அரசுப் போலீஸ். 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு சோதிடத்தைப் பட்டப்படிப்பாக்கியபோது பார்கவா வழக்குத் தொடுத்தார். அது நிபுணர் அமைப்பின் முடிவு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2004இல் தள்ளுபடி செய்தது. அதிகாரம் ஆய்வுக்கூடத்தின் பக்கம் மட்டும் இருந்ததில்லை.

நந்தியின் மறுப்பு கைவிடும் இடம் ஒன்று உண்டு. வரிசையில் நிற்கும் குழந்தையின் மூச்சிரைப்பு எந்தப் பண்பாட்டுக்கும் சொந்தமானதல்ல. ஆஸ்துமா ஏறி இறங்கும் நோய். குழந்தைகளில் பலருக்கு வளர வளரத் தானாகவே தணியும். மூன்றாண்டு தொடர்ந்து எதைச் செய்தாலும் ஒரு பகுதியினருக்குக் குணமானது போலத் தெரியும். அந்த ஒரு பகுதியினரே மறுபடி ஊரில் போய்ச் சொல்வார்கள். குணமாகாதவர்கள் திரும்பி வரமாட்டார்கள், அவர்கள் கதையைக் கேட்க ஆளும் இல்லை.

இந்த முறைக்குள்ளேயே சோதனை ஒளிந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் வருத்தம் கூடுகிறது. மீனும் வெல்லமும் ஒரே பலன் தருமா? தந்தால், தொண்டையை மீன் துள்ளித் துப்புரவாக்குகிறது என்று இந்த முறைக்குச் சொல்லப்படும் விளக்கம் என்னாகும்? இதைக் கேட்க ரகசியத்தை உடைக்க வேண்டியதில்லை. கொரோனாவால் 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளும் நிகழ்வு நடக்கவில்லை. மூன்றாண்டுச் சுற்றின் நடுவில் இருந்தவர்களுக்கு அது அறுந்துபோனது. அவர்கள் எல்லோருக்கும் நோய் திரும்பியதா, சுற்றை முடித்தவர்களுக்கு இவர்களைவிட நன்றாக இருந்ததா என்று பார்க்க இயற்கையே ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. மீன் விற்கும் அதே கவுண்டரில், மீனா வெல்லமா, எத்தனையாவது ஆண்டு, இப்போது என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற மூன்று கேள்விகளைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, மறுஆண்டு வராதவர்களுக்கு ஒரு தபால் அட்டை போட்டால் போதும். செய்முறை குடும்பத்திடமே இருக்கட்டும், பிரசாதம் என்ற பெயரும் இருக்கட்டும். அரசின் கையிலிருந்து அந்த மீனை வாங்குபவருக்கு, தனக்கு முன்னால் வாங்கியவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்க உரிமை உண்டு. அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டியது மீனை விற்கும் துறை.