அயனி

மின்னூட்டம் பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம் அயனி. சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். ஒன்றை இழந்து பத்தோடு நின்றால் அது நேரயனி. அந்த ஒன்றைப் பெற்ற குளோரின் எதிரயனி. சேர்மத்துக்குப் பெயரிடும்போது நேரயனி தன் பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறது. குளோரின் மட்டும் 'குளோரைடு' ஆகிறது. அதுதான் நம் சோற்றுப்பு, சோடியம் குளோரைடு.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'இயொன்' என்றால் 'செல்வது'. கரைசலில் மின்சாரம் பாயும்போது மின்முனைகளை நோக்கிச் செல்லும் துகள்களுக்குப் பெயர் தேடிய மைக்கேல் ஃபாரடே, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெலிடம் கேட்டார். 1834இல் பெயர் வழக்குக்கு வந்தது. மின்சாரமே அவற்றை உண்டாக்குகிறது என்பது அன்றைய எண்ணம். மின்சாரம் பாயாதபோதும் உப்பு நீரில் அயனிகளாகப் பிரிந்தே கிடக்கிறது என்று காட்டியவர் சுவீடனின் அரீனியஸ். 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. உத்தராயணம், தட்சிணாயனம் என்கிறோமே, அந்த வடமொழி 'அயன'த்துக்கும் செல்லுதல் என்றே பொருள். கிரேக்கச் சொல்லும் அதுவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. சூரியன் வடக்கே செல்வதையும் சோடியம் எதிர்மின்முனைக்குச் செல்வதையும் குறிப்பவை உறவுச் சொற்களே.