கடிதம் வந்தது, குண்டும் வெடித்தது! - லண்டன் போலீஸ் வெடிமருந்தைப் படித்த கதை

1867ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். டப்ளின் போலீசிடமிருந்து லண்டன் போலீசுக்கு ஒரு ரகசியத் தகவல் போகிறது. கிளர்க்கன்வெல் சிறையில் இருக்கும் ரிச்சர்ட் பர்க் என்ற கைதியைத் தப்பிக்க வைக்கத் திட்டம். கைதிகள் நடைபயிற்சி செய்யும் முற்றத்தின் மதிலை வெடிமருந்து வைத்துத் தகர்க்கப் போகிறார்கள். நேரம், மாலை 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையில். அடையாளமாக வெளியிலிருந்து ஒரு வெள்ளைப் பந்தை உள்ளே வீசுவார்கள்.

இதைவிடத் தெளிவாக ஒரு உளவுத் தகவல் கிடைக்குமா? இடம், நேரம், முறை, சைகை எல்லாமே இருந்தது. ஆனாலும் டிசம்பர் 13ஆம் தேதி மாலை 3.45 மணி வாக்கில் மதில் வெடித்துச் சிதறியது. எதிரே இருந்த தெருவில் ஏழைகளின் வீடுகள் இடிந்து விழுந்தன. 12 பேர் இறந்தார்கள், சுமார் 120 பேர் காயமடைந்தார்கள். தப்பிக்க வேண்டிய கைதியோ அந்த முற்றத்திலேயே இல்லை!

ஒரு அரசாங்கம் தன் போலீஸ் வெடிகுண்டைச் சமாளிக்கத் தயாராக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? எத்தனை ஆட்கள், எத்தனை வண்டிகள் என்று கணக்குப் போட்டால் போதுமா? இந்தக் கேள்விக்கு லண்டன் 18 வருடங்கள் செலவழித்துப் பதில் கண்டுபிடித்தது. அந்தக் கதைதான் இது.

யார் இந்த ஃபீனியன்கள்?

அயர்லாந்தைப் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து ஆயுத பலத்தால் விடுவிக்க வேண்டும் என்று 1850களின் இறுதியில் தொடங்கிய ரகசிய இயக்கத்தினரைத்தான் ஃபீனியன்கள் என்பார்கள். அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் மக்கள் பணமும் ஆட்களும் கொடுத்தார்கள். பர்க் இந்த இயக்கத்துக்கு ஆயுதம் வாங்கிக் கொடுத்தவர்.

கிளர்க்கன்வெல்லில் உண்மையில் நடந்தது என்ன தெரியுமா? முதல் முயற்சி டிசம்பர் 12ஆம் தேதியே நடந்தது. ஒரு பெரிய பீப்பாயைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து மதிலோரம் வைத்தார்கள். வெள்ளைப் பந்தும் உள்ளே வீசப்பட்டது. திரி சரியாகப் பற்றவில்லை. பீப்பாயைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பகுதியில் போலீஸ் காவல் இருந்தது, யாரும் தடுக்கவில்லை. மறுநாள் அதே இடத்துக்கு மறுபடியும் பீப்பாய் வந்தது.

சிறை அதிகாரிகள் மட்டும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அன்று கைதிகளின் நடைபயிற்சி நேரத்தை மாற்றிவிட்டார்கள். இல்லாவிட்டால் வெடித்த நேரத்தில் முற்றத்தில் நின்றிருக்கும் கைதிகளும் செத்திருப்பார்கள்.

வெளியே நின்ற போலீஸ் ஏன் சும்மா இருந்தது? பிறகு உள்துறை அமைச்சர் கேத்தோர்ன் ஹார்டி நாடாளுமன்றத்தில் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைப்பார்கள் என்றே காவலர்களின் கவனம் இருந்ததாம். பட்டப்பகலில், தெருவில், மதிலோரம் ஒரு பீப்பாயை வைத்துத் திரி கொளுத்துவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லையாம்! அதாவது தகவல் வந்துவிட்டது, ஆனால் அர்த்தம் வரவில்லை. வெடிமருந்து எப்படி வேலை செய்யும் என்று தெரிந்த ஒருவர்கூட அந்தத் தெருவில் நிற்கவில்லை.

பதற்றத்தில் எடுத்த முடிவுகள்

போலீஸ் கமிஷனர் சர் ரிச்சர்ட் மெய்ன் ராஜினாமா கடிதம் கொடுத்தார். அரசு ஏற்கவில்லை. அடுத்த வருடக் கடைசியில் அவர் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். நாடு முழுக்கப் பல்லாயிரக்கணக்கான பொதுமக்கள் தற்காலிகக் காவலர்களாகப் பதிவு செய்துகொண்டார்கள். கர்னல் ஃபீல்டிங் தலைமையில் அவசர அவசரமாக ஒரு ரகசியப் பிரிவு தொடங்கப்பட்டது. சில மாதங்களிலேயே அது கலைக்கப்பட்டது.

1868இல் லண்டன் போலீசை ஆராய ஒரு துறைக்குழு அமைக்கப்பட்டது. அப்போது படையில் சுமார் 8,000 பேர் இருந்தார்கள். ஸ்காட்லாந்து யார்டின் துப்பறியும் பிரிவிலோ 20 பேர்கூட இல்லை! குழுவின் ஆய்வுக்குப் பிறகு, 1869இல் புதிய கமிஷனர் ஹெண்டர்சன் துப்பறிவாளர் எண்ணிக்கையைச் சுமார் 200 ஆக உயர்த்தினார்.

இது நல்லதுதான். ஆனால் கவனித்தீர்களா? கிளர்க்கன்வெல்லில் குறைந்தது ஆட்கள் அல்ல, அறிவு. அதைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

வழக்கு என்ன ஆனது? விசாரிக்கப்பட்டவர்களில் மைக்கேல் பாரெட் என்பவருக்கு மட்டும் தண்டனை கிடைத்தது. அந்த நேரத்தில் தான் கிளாஸ்கோவில் இருந்ததாக அவர் சொன்னார். அடையாளம் காட்டிய சாட்சிகள் மீது அன்றே சந்தேகம் எழுந்தது. 1868 மே 26 அன்று நியூகேட் சிறை வாசலில் கூட்டத்தின் முன் அவர் தூக்கிலிடப்பட்டார். இங்கிலாந்தில் பொது இடத்தில் நடந்த கடைசித் தூக்கு அதுதான்.

படகு வெடித்ததில் பிறந்த சட்டம்

அந்த அறிவு வந்தது போலீஸ் பக்கமிருந்து அல்ல, விபத்துகளின் பக்கமிருந்து. கிளர்க்கன்வெல் நடந்த அதே 1867இல்தான் ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சுரங்கம், ரயில் பாதை, கல்குவாரி என்று எல்லா இடத்திலும் புதிய வெடிபொருட்கள் நுழைந்தன. விபத்துகளும் பெருகின.

1874 அக்டோபர் 2ஆம் தேதி விடியற்காலையில் லண்டன் ரீஜென்ட்ஸ் கால்வாயில் டில்பரி என்ற சரக்குப் படகு போய்க்கொண்டிருந்தது. உள்ளே டன் கணக்கில் வெடிமருந்து, கூடவே பெட்ரோலியம்! மேக்கிள்ஸ்ஃபீல்ட் பாலத்துக்கு அடியில் அது வெடித்தது. படகில் இருந்த மூன்று பேர் இறந்தார்கள், பாலம் நொறுங்கியது. லண்டன்காரர்கள் அந்தப் பாலத்தை இன்றும் 'வெடித்த பாலம்' என்றுதான் செல்லமாகச் சொல்கிறார்கள்.

இதை ஆராய்ந்தவர் விவியன் டெரிங் மஜென்டி. பீரங்கிப் படை அதிகாரி. கிரிமியப் போரைப் பார்த்தவர். 1857 கலகத்தை அடக்க இந்தியாவுக்கு வந்த படையில் லக்னோவில் போரிட்டவரும்கூட. பெட்ரோலிய ஆவி தீப்பற்றி, அதிலிருந்து வெடிமருந்து வெடித்தது என்று அவர் விளக்கினார். அடுத்த வருடம் 1875இல் வெடிபொருள் சட்டம் வந்தது. செய்ய, சேமிக்க, விற்க, கொண்டுபோக என எல்லாவற்றுக்கும் உரிமமும் விதியும் வந்தன. ஒவ்வொரு விபத்தையும் ஆராய்ந்து அறிக்கை எழுதுவது இன்ஸ்பெக்டர்களின் வேலையானது. தலைமை இன்ஸ்பெக்டர் மஜென்டி, 1898இல் சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

பார்ப்பதற்கு இது வெறும் தொழிற்சாலைச் சட்டம். ஆனால் இதனால் அரசாங்கத்துக்குள் முதன்முறையாக, வெடித்துச் சிதறிய துண்டுகளைப் பார்த்தே என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரு அலுவலகம் உருவானது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சீக்கிரமே தெரிந்தது.

டைனமைட் வருடங்கள்

1881 ஜனவரியில் சால்ஃபோர்ட் படைமுகாமில் குண்டு வெடித்து ஒரு சிறுவன் இறந்தான். ஃபீனியன்களின் இரண்டாவது அலை அப்படித்தான் தொடங்கியது. 1883 மார்ச் 15ஆம் தேதி லண்டன் வைட்ஹாலில் ஒரு அரசு அலுவலகத்திலேயே குண்டு வெடித்தது. அந்த மாதமே ஸ்காட்லாந்து யார்டில் 'சிறப்பு ஐரிஷ் பிரிவு' உருவானது. பிற்காலத்தில் உலகம் அறிந்த ஸ்பெஷல் பிராஞ்சின் தொடக்கம் இதுதான்.

ஏப்ரல் தொடக்கத்தில் பர்மிங்ஹாமில் நடந்ததைக் கிளர்க்கன்வெல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயின்ட் கடை என்ற பெயரில் ஒருவர் அளவுக்கு மீறிக் கிளிசரின் வாங்குகிறார் என்ற தகவல் போலீசுக்கு வருகிறது. அவ்வளவுதான். தேதி இல்லை, நேரம் இல்லை. ஆனால் இந்த முறை அதன் அர்த்தம் புரிந்தது. கடையைக் கண்காணித்தார்கள், ஆட்களைப் பிடித்தார்கள். உள்ளே ஏராளமான நைட்ரோகிளிசரின் இருந்தது. கைபட்டாலே ஆபத்தான அந்தத் திரவத்தை மஜென்டியும் வேதியியலாளர் ஆகஸ்ட் டூப்ரேயும் பாதுகாப்பாக அழித்தார்கள். 1867இல் முழு விவரம் இருந்தும் 12 உயிர் போனது. 1883இல் அரைகுறைத் தகவல் ஒரு சதியையே நிறுத்தியது. நடுவில் மாறியது இந்த அறிவுதான். (இந்த வழக்கில் சிறை சென்ற தாமஸ் கிளார்க், 33 வருடம் கழித்து 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களில் ஒருவராகச் சுட்டுக்கொல்லப்பட்டார்.)

இந்தக் கைதுகளின் சூட்டோடு உள்துறை அமைச்சர் ஹார்கோர்ட் ஏப்ரல் 9 அன்று வெடிபொருட்கள் குற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மக்களவை அன்றே நிறைவேற்றியது, மறுநாள் சட்டமாகிவிட்டது. சந்தேகத்துக்குரிய சூழ்நிலையில் வெடிபொருள் வைத்திருந்தால், அது சட்டபூர்வமான காரியத்துக்குத்தான் என்று வைத்திருந்தவர்தான் நிரூபிக்க வேண்டும்.

1884 பிப்ரவரியில் விக்டோரியா ரயில் நிலையத்தில் பயணிகள் பெட்டி வைக்கும் அறையில் குண்டு வெடித்தது. பிறகு சேரிங் கிராஸ், பேடிங்டன், லட்கேட் ஹில் நிலையங்களிலும் வெடிக்காத பெட்டிகள் கிடைத்தன. மஜென்டி அவற்றைப் பிரித்துப் பார்த்தார். கடிகாரமும் டைனமைட்டும் அமெரிக்காவில் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. அதனால் துறைமுகங்களில் வரும் சாமான்களைச் சோதிப்பது தீவிரமானது.

அதற்காகத் தயார்நிலை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 1884 மே 30 இரவு குண்டு வெடித்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? ஸ்காட்லாந்து யார்டேதான்! சிறப்பு ஐரிஷ் பிரிவின் அலுவலகத்துக்கு நேர் கீழே இருந்த பொதுக் கழிப்பிடத்தில் வைத்திருந்தார்கள். ஊரையெல்லாம் காவல் காத்தவர்கள் தங்கள் மாடிக்குக் கீழே பார்க்கவில்லை.

கான்ஸ்டபிள் கோல் செய்தது

1885 ஜனவரி 24, சனிக்கிழமை. பொதுமக்கள் சுற்றிப்பார்க்கும் நாள். லண்டன் கோபுரத்தில் ஒரு குண்டு வெடித்தது. அதே பிற்பகல் நாடாளுமன்றத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில், நிலவறைப் படிக்கட்டில் ஒரு பொட்டலம் புகைவதைப் பார்த்தவர்கள் போலீசிடம் சொன்னார்கள். கான்ஸ்டபிள் வில்லியம் கோல் ஓடிப்போய் அதைக் கையில் எடுத்து மேலே கொண்டுவந்தார். கை சுட்டது, கீழே விட்டார், வெடித்தது. அவரும் உடன் இருந்த கான்ஸ்டபிள் காக்ஸும் படுகாயமடைந்தார்கள்.

சத்தம் கேட்டு மற்ற காவலர்கள் எல்லாம் மண்டபத்துக்கு ஓடினார்கள். சில நிமிடங்களில் யாரும் இல்லாத மக்களவைக் கூடத்தில் இன்னொரு குண்டு வெடித்தது. அன்று சபை கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கோலுக்கு ஆல்பர்ட் பதக்கம் கொடுத்தார்கள். தகுதியான பதக்கம்தான். ஆனால் புகையும் பொட்டலத்தைக் கையில் எடுக்கக் கூடாது, முதல் குண்டைப் பார்க்க எல்லாரும் ஓடக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மஜென்டியின் அலுவலகத்தில் சேர்ந்திருந்த அறிவு அந்தப் படிக்கட்டு வரை வந்து சேரவில்லை. அறிவு இல்லாத இடத்தை ஒரு சாதாரணக் காவலரின் உடம்பு ஈடுகட்டியது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. உள்துறையில் உளவு வேலையைப் பார்த்த எட்வர்ட் ஜென்கின்சன் தன் தகவல்களை ஸ்காட்லாந்து யார்டுக்குச் சரியாகக் கொடுக்கவில்லை. குற்றப் புலனாய்வுத் தலைவர் ஜேம்ஸ் மன்ரோ இதைப் பற்றித் தொடர்ந்து புகார் செய்தார். ஒரே எதிரி, ஒரே நகரம், இரண்டு அலுவலகம், நடுவில் ஒரு சுவர்! 1887 தொடக்கத்தில் ஜென்கின்சன் வெளியேற்றப்பட்ட பிறகுதான் இந்தச் சண்டை ஓய்ந்தது.

நமக்கு என்ன சம்பந்தம்?

நிறையவே உண்டு. 1908 ஏப்ரல் 30 அன்று முசாஃபர்பூரில் குதிராம் போஸும் பிரஃபுல்ல சாக்கியும் வீசிய குண்டில், குறிவைக்கப்பட்ட நீதிபதிக்குப் பதிலாக இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஆறு வாரத்துக்குள், ஜூன் 8ஆம் தேதி, இந்தியாவில் வெடிபொருட்கள் சட்டம் வந்தது. லண்டனின் 1883 சட்டத்தைத் தழுவியது. நிரூபிக்கும் பொறுப்பைக் குற்றம்சாட்டப்பட்டவர் மேல் வைக்கும் அந்தப் பிரிவும் கூடவே வந்தது. திருத்தங்களோடு இந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

உரிமம், சேமிப்பு, விபத்து ஆய்வு என்ற மஜென்டியின் வழியில் வந்தது 1884ஆம் ஆண்டின் இந்திய வெடிபொருள் சட்டம். அதுவும் இன்றும் இருக்கிறது. சிவகாசிப் பட்டாசு ஆலைகள் உரிமம் வாங்குவது அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

ஆக லண்டனிலிருந்து நமக்கு இரண்டு வந்தன. ஒன்று, பயத்தில் ஒரே நாளில் நிறைவேறிய தண்டனைச் சட்டம். மற்றொன்று, ஒவ்வொரு வெடிப்பையும் பொறுமையாக ஆராய்ந்து ஏன் நடந்தது என்று எழுதிவைக்கும் பழக்கம். ஒரு வெடிப்பு நடந்தால் முதலாவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவோம். எத்தனை பேர் கைது, என்ன தண்டனை, எத்தனை போலீஸ் குவிப்பு... ஆனால் பர்மிங்ஹாமில் உயிர்களைக் காப்பாற்றியது இரண்டாவதுதான். அது அலுவலகத்தோடு நின்றுவிட்டதால்தான் கான்ஸ்டபிள் கோல் கையைச் சுட்டுக்கொண்டார்.

அடுத்த முறை எங்காவது குண்டு வெடித்து, விசாரணை அறிக்கை ஒன்று வெளியானால், அதில் ஒரு விஷயத்தை மட்டும் தேடிப் பாருங்கள். அன்று அந்த வாசலில் காவல் நின்ற கடைசிக் காவலருக்கு என்ன தெரிந்திருந்தது?