குரூப்பாய்டு சி-ஸ்டார் இயற்கணிதங்களும் கே-கோட்பாடும்

குலத்தில் எந்த இரு உறுப்புகளையும் பெருக்கலாம். குரூப்பாய்டில் அப்படியல்ல: அதன் உறுப்புகள் புள்ளிகளுக்கிடையே ஓடும் அம்புகள், ஓர் அம்பு முடியும் இடத்தில் இன்னொன்று தொடங்கினால்தான் இரண்டையும் இணைக்க முடியும். ஒவ்வோர் அம்புக்கும் எதிர்த்திசை அம்பு உண்டு. இந்த அம்புகள் மீதான சார்புகளை இணைப்பு விதிப்படி பெருக்கி, ஹில்பர்ட் வெளியின் செயலிகளாக்கினால் கிடைப்பதே குரூப்பாய்டு சி-ஸ்டார் இயற்கணிதம். 3 புள்ளிகளையும் அவற்றின் எல்லாச் சோடிகளுக்குமான 9 அம்புகளையும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அம்பிலும் ஓர் எண்ணை எழுதினால் அது 3×3 அணி. ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் செல்லும் அம்புகள் சேர்ந்து ஒன்றிலிருந்து மூன்றுக்குச் செல்கின்றன. அணிப் பெருக்கலின் விதி இதுவேதான்.

1925இல் ஹைசன்பர்க் குவாண்டம் இயக்கவியலுக்கு அடித்தளமிட்டபோது அவர் கையாண்டது இந்தப் பெருக்கலைத்தான். அணு உமிழும் ஒவ்வொரு நிறமாலைக் கோட்டுக்கும் இரண்டு ஆற்றல் மட்டங்கள் அடையாளம். அவை அம்புகளைப் போலவே ஒன்றோடொன்று சேரும். இதைக் குரூப்பாய்டாக வாசித்தவர் பிற்காலத்து பிரெஞ்சுக் கணிதவியலாளர் அலென் கோன். குரூப்பாய்டு என்ற கருத்தையே 1920களில் ஜெர்மனியின் ஹைன்ரிக் பிராண்ட், இருபடி வடிவங்களை ஆராயும்போது தனியாக உருவாக்கினார். இரண்டு ஓடைகளும் சந்திக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

அந்தச் சந்திப்புக்கு வழி செய்தது 1943இல் வெளியான கெல்ஃபாண்டு–நைமார்க் தேற்றம். பரிமாற்றுப் பண்புள்ள சி-ஸ்டார் இயற்கணிதம் எதுவும் ஓர் இடவியல் வெளியின் மீதான தொடர்ச்சியான சார்புகளே என்று அது காட்டியது. பரிமாற்றுப் பண்பு இல்லாவிட்டால் பின்னால் இருப்பது என்ன வெளி? மர்ரேயும் ஃபான் நாய்மனும் 1936 முதல் எழுதிய கட்டுரைகளிலும், 1960களில் ஜார்ஜ் மேக்கி முன்வைத்த மெய்நிகர் குலங்களிலும் விடையின் சாயல் உண்டு. அதை முழுமையாக வகுத்தது ஜான் ரெனோ 1980இல் வெளியிட்ட ‘சி-ஸ்டார் இயற்கணிதங்களுக்கு ஒரு குரூப்பாய்டு அணுகுமுறை’ என்ற நூல். இத்துறையில் நுழைபவர் இன்றும் முதலில் கையிலெடுக்க வேண்டிய நூல் அது.

இந்த அணுகுமுறையின் வலிமையை ஒரு வட்டத்தைக் கொண்டே பார்த்துவிடலாம். வட்டத்தை, முழுச் சுற்றில் தீட்டா என்ற விகிதமுறா பங்கு அளவுக்குத் திரும்பத் திரும்பச் சுழற்றுவோம். எந்தப் புள்ளியின் பாதையும் வட்டம் முழுவதும் அடர்ந்து பரவும். ஒரே பாதையில் உள்ள புள்ளிகளை ஒன்றாகக் கருதி ஈவு வெளியை அமைத்தால் அதில் மாறிலிகளைத் தவிர வேறு தொடர்ச்சியான சார்பே இல்லை. வழக்கமான இடவியலுக்கு அங்கே வேலையில்லை. குரூப்பாய்டோ புள்ளிகளை ஒட்டிவிடுவதில்லை. எந்தப் புள்ளி எத்தனை சுழற்சியில் எங்கே போனது என்பதை அம்புகளாக வைத்துக்கொள்கிறது. தகவல் எதுவும் அழிவதில்லை.

வைத்திருக்கும் தகவலை எண்ணாக்கித் தருவது கே-கோட்பாடு. கிரோத்தண்டிக் தொடங்கி, அட்டியாவும் ஹிர்ட்செப்ருக்கும் இடவியலுக்குக் கொண்டுவந்த இக்கோட்பாடு, இயற்கணிதத்தில் உள்ள வீழல்களை, அதாவது தன்னோடு தானே பெருக்கினாலும் மாறாத செயலிகளை, கணக்கெடுத்து ஒரு கே-குலத்தையும் அதன் துணையாக இன்னொன்றையும் அமைக்கிறது. மேலே கண்ட வட்டச் சுழற்சியின் குரூப்பாய்டு தரும் சுழற்சி இயற்கணிதத்தில் 0, 1 தவிர வேறு வீழல் உண்டா என்பதே முதலில் தெளிவாக இல்லை. டிரேஸ் மதிப்பு, அதாவது வீழலின் அளவைச் சொல்லும் எண், தீட்டாவாக அமையும் வீழலை மார்க் ரீஃபல் கட்டிக் காட்டினார். பிம்ஸ்னரும் வொய்குலெஸ்குவும் 1980இல் வெளியிட்ட துல்லியத் தொடர் மூலம், அந்த இயற்கணிதத்தின் இரண்டு கே-குலங்களும் முழு எண் சோடிகளின் குலமே என்று தெரிந்தது. வீழல்களின் டிரேஸ் மதிப்புகளோ முழு எண்களும் தீட்டாவின் முழு எண் மடங்குகளும் கூடிய எண்களாகவே அமையும். அதனால் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட இரு கோணங்கள் சமமாகவோ கூட்டுத்தொகை 1 ஆகவோ இருந்தால் மட்டுமே அவற்றின் இயற்கணிதங்கள் ஒத்தவை. ஈவு வெளி தொலைத்துவிட்ட கோணத்தைக் கே-கோட்பாடு மீட்டுத் தந்தது. 20ஆம் நூற்றாண்டுக் கணிதத்தின் மிக அழகான கணக்குகளில் இதையும் தயங்காமல் சேர்க்கலாம்.

ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வராமல் தளத்தை நிரப்பும் பென்ரோஸ் ஓடுபதிப்புகளுக்கும் கோன் இவ்வாறே ஓர் இயற்கணிதம் அமைத்தார். அங்கே தீட்டாவின் இடத்தில் வருவது தங்க விகிதம். அதேபோல் ஒழுங்கிருந்தும் திரும்ப வராத அணு அமைப்புள்ள குவாசிகிரிஸ்டல்களில் எலக்ட்ரான் ஆற்றல் இடைவெளிகளுக்கு எண் பெயரிட ஜான் பெல்லிசார் பயன்படுத்தியதும் இதே டிரேஸ் மதிப்புகளைத்தான்.

கே-குலங்களைப் பொதுவாகக் கணிப்பது எளிதல்ல. 1982இல் பவுல் பாமும் கோனும் முன்வைத்த ஊகம், அவற்றை வடிவியல் வழியே கணிக்கலாம் என்றது. இணக்கமான (சராசரி எடுக்க இடங்கொடுக்கும்) குரூப்பாய்டுகளுக்கு அது உண்மை என்று 1999இல் ஜான்-லூயி தூ நிறுவினார். ஆனால் 2002இல் ஹிக்சன், லஃபோர்க், ஸ்கண்டாலிஸ் மூவரும் ஊகம் பொய்க்கும் குரூப்பாய்டுகளைக் காட்டினர். குலங்களுக்கான மூல வடிவத்துக்கு எதிர்ச்சான்று இன்னும் கிடைக்கவில்லை. ஹிரோகி மாதுயி, சில வகைக் குரூப்பாய்டுகளின் கே-குலங்களை அவற்றின் ஹோமாலஜியிலிருந்தே பெறலாம் என ஊகித்தார். அதற்கும் 2020இல் எதிர்ச்சான்று வந்தது.

தூவின் தேற்றத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. இணக்கமான குரூப்பாய்டிலிருந்து வரும் இயற்கணிதம் ‘உலகளாவிய குணகத் தேற்றம்’ என்ற நிபந்தனைக்கு உட்படும். அதாவது அதன் கே-கோட்பாட்டை நம்பி இயற்கணிதங்களை வகைப்படுத்துவதில் இறங்கலாம். வகைப்படுத்தக்கூடிய எளிய இயற்கணிதங்கள் யாவும், சிறு திருகலோடு, குரூப்பாய்டுகளிலிருந்தே பிறக்கின்றன என்று 2020இல் ஷின் லி நிறுவினார். பிரிக்கத்தக்க நியூக்ளியர் (இணக்கத்தின் இயற்கணித வடிவமான பண்புள்ள) சி-ஸ்டார் இயற்கணிதங்கள் எல்லாமே அந்த நிபந்தனைக்கு உட்படுமா என்ற கேள்வி மட்டும் திறந்தே கிடக்கிறது.