காட்ஸில்லா: ரப்பர் உடை ராட்சசனுக்குப் பின்னால் இருந்த நிஜ பயம்... 1954 படத்தை இன்று எப்படிப் பார்க்கலாம்?

கருப்பு வெள்ளைப் படம். ரப்பர் உடைக்குள் ஒரு மனிதர். அவர் கால் பட்டதும் பொம்மை வீடுகள் போல சரியும் கட்டடங்கள். 1954-ல் வந்த முதல் 'காட்ஸில்லா' படத்தை இன்று மொபைலில் பார்க்கும் பலருக்கு முதலில் சிரிப்புதான் வரும். 'இதைப் பார்த்தா அன்னைக்கு பயந்தாங்க?' என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் படம் வெளியாவதற்கு 8 மாதங்களுக்கு முன்பு பசிபிக் கடலில் நடந்த ஒரு சம்பவம் தெரிந்தால், முதல் காட்சியிலேயே அந்தச் சிரிப்பு நின்றுவிடும். (கிளைமாக்ஸ் பற்றியும் கீழே பேசப்படுகிறது.)

கடலில் நடந்தது என்ன?

1954 மார்ச் 1. மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினி பவளத்தீவில் அமெரிக்கா 'கேஸில் பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டு சோதனையை நடத்தியது. விஞ்ஞானிகள் கணக்கிட்டதைவிட சுமார் இரண்டரை மடங்கு பலத்தோடு குண்டு வெடித்தது. மொத்தம் 15 மெகாடன். ஹிரோஷிமாவில் போட்ட குண்டைப் போல ஏறக்குறைய 1,000 மடங்கு.

அமெரிக்கா அறிவித்திருந்த ஆபத்து எல்லைக்கு வெளியே ஒரு ஜப்பான் படகு சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் பெயருக்கு 'அதிர்ஷ்ட டிராகன் எண் 5' என்று அர்த்தம். படகில் 23 பேர். விடிவதற்கு முன்பே மேற்கு வானம் பளீரென வெளுத்தது. சில மணி நேரத்தில் வெள்ளைச் சாம்பல் கொட்டத் தொடங்கியது. அது கதிர்வீச்சு கலந்த பவளப்பாறைத் தூள். 23 பேருமே பாதிக்கப்பட்டார்கள். படகின் ரேடியோ ஆபரேட்டர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23-ம் தேதி உயிரிழந்தார்.

அந்தப் படகின் மீன்களில் கதிர்வீச்சு இருப்பது தெரிந்ததும் ஜப்பானின் மீன் சந்தைகள் ஆட்டம் கண்டன. மீன் வாங்கிச் சாப்பிடவே மக்கள் பயந்தார்கள். 'காட்ஸில்லா' வெளியானது அதே ஆண்டு நவம்பர் 3-ம் தேதி.

படம் எப்படி உருவானது?

தயாரிப்பாளர் டோமோயுகி தனாகா இந்தோனேசியாவுடன் சேர்ந்து எடுக்கவிருந்த ஒரு படம் கைவிட்டுப் போனது. அதற்குப் பதில் அவசரமாக வேறு படம் தேவைப்பட்டது. ஹைட்ரஜன் குண்டு சோதனையால் கடலடியிலிருந்து எழுந்து வரும் மிருகம் என்ற யோசனை அப்படித்தான் பிறந்தது. 'கோரிரா' (கொரில்லா), 'குஜிரா' (திமிங்கலம்) என்ற இரண்டு ஜப்பானியச் சொற்கள் சேர்ந்து 'கோஜிரா' ஆனது. அதுவே ஆங்கிலத்தில் காட்ஸில்லா.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா, இரண்டாம் உலகப்போரில் சிப்பாயாக சீனாவுக்கு அனுப்பப்பட்டவர். ஊர் திரும்பும் வழியில் சிதைந்து கிடந்த ஹிரோஷிமாவைப் பார்த்தவர். கதிர்வீச்சைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு ஒரு உடம்பு கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதுதான் இந்தப் படம்.

ரப்பர் உடை ஏன்?

1933-ல் வந்த 'கிங் காங்' படத்தில் பொம்மையை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்தார்கள். அதற்கு இங்கே நேரமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் நிபுணர் எய்ஜி சுபுராயா ஆளுக்கு உடை மாட்டினார். நடிகர் ஹருவோ நகாஜிமா அணிந்த உடையின் எடை சுமார் 100 கிலோ. காட்சிகளை வேகமாகப் படமாக்கி, திரையில் மெதுவாக ஓட்டினார்கள். அந்த மலை போன்ற நடை கிடைத்தது அப்படித்தான்.

அந்த கர்ஜனை? இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனை. டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தந்திகளைப் பிசின் தடவிய தோல் கையுறையால் உரசி எடுத்த சத்தம் அது. ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கவனிக்க வேண்டிய காட்சிகள் என்னென்ன?

* முதல் காட்சி: கப்பல் ஊழியர்கள் ஓய்வாக இருக்கிறார்கள். திடீரென கடலில் ஒரு பெரிய வெளிச்சம், கப்பல் எரிகிறது. அன்றைய ஜப்பானியருக்கு இது யார் கதை என்று சொல்லவே தேவையில்லை.

* ரயில் காட்சி: கதிர்வீச்சு மீன், கதிர்வீச்சு மழை, இப்போது காட்ஸில்லாவா என்று ஒரு பெண் அலுத்துக்கொள்கிறாள். நாகசாகியில் தப்பிப் பிழைத்தவள் அவள்.

* எரியும் டோக்கியோ: தப்ப வழியில்லாத ஒரு தாய் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரம் அப்பாகிட்ட போயிடலாம் என்கிறாள். அப்பா உயிரோடு இல்லை. 1945 மார்ச்சில் ஒரே இரவு குண்டுவீச்சில் சுமார் 1 லட்சம் பேரைப் பறிகொடுத்த நகரம் டோக்கியோ.

* மருத்துவமனை: ஒரு குழந்தையின் பக்கத்தில் கதிர்வீச்சு அளக்கும் கருவியைப் பிடிக்கிறார்கள். கருவி சத்தம் போடுகிறது. ராட்சசன் போன பிறகுதான் இந்தக் காட்சி வருகிறது. படத்திலேயே பயங்கரமான இடம் இதுதான்.

விஞ்ஞானியின் முடிவு என்ன?

காட்ஸில்லாவைக் கொல்லக்கூடிய ஒரே ஆயுதம் டாக்டர் செரிசாவாவிடம் இருக்கிறது. ஆனால் அதை ஒருமுறை வெளியே எடுத்தால், உலக நாடுகள் அதையும் அடுத்த குண்டாக மாற்றிவிடும் என்று அஞ்சுகிறார். கடைசியில் குறிப்புகளை எரிக்கிறார். ஆயுதத்தோடு கடலுக்குள் இறங்கியவர், மேலே வரும் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்கிறார். அவர் தலைக்குள் இருக்கும் சூத்திரமும் அழிய வேண்டுமே!

அதன்பிறகும் கொண்டாட்டம் இல்லை. அணுகுண்டு சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா வரலாம் என்ற எச்சரிக்கையோடு படம் முடிகிறது. நிஜத்தில் சோதனைகள் நிற்கவில்லை. 1961-ல் சோவியத் யூனியன் 50 மெகாடன் குண்டை வெடித்தது.

எந்தப் பதிப்பைப் பார்க்க வேண்டும்?

1956-ல் அமெரிக்காவில் வெளியான பதிப்பில் ஹாலிவுட் நடிகர் ரேமண்ட் பர் வரும் காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். அணுகுண்டு பற்றிய பேச்சுகள் பெருமளவு வெட்டப்பட்டன. மிஞ்சியது ஒரு மிருகப் படம். மூலப் பதிப்பு அமெரிக்கத் திரையரங்குகளில் முறையாக வெளியாக 2004 வரை ஆனது.

எனவே, 96 நிமிடம் ஓடும் ஜப்பானிய மூலப் பதிப்பை சப்டைட்டிலோடு பார்ப்பதே சரி. பிறகு 2023-ல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்தைப் பாருங்கள். 2024-ல் சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கரை வென்ற அந்தப் படமும், போர் முடிந்த ஜப்பானின் அதே காயத்துக்குத்தான் திரும்பிப் போகிறது.