பாமினிக்குள் ஒரு பழைய மெஷின்

கல்முனையில் ஏதாவதொரு கொமியூனிகேஷனில் கல்யாணக் கார்ட் அடிக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். பாமினியில் ஆங்கில ஜே-யை அமுக்கினால் 'த' வரும், கே-யை அமுக்கினால் 'ம' வரும். ஏன் இப்படி என்டு நாங்களும் கேட்டதில்லை. அது பழைய தமிழ்த் தட்டச்சு மெஷின் வழியாக வந்த விசைவரிசை. பழைய கேம் மெஷின்களை இன்றைய கம்பியூட்டரில் ஓட வைக்கிற எமுலேட்டர் மாதிரி, பாமினியும் பழைய மெஷின் ஒன்றை நடித்துக் காட்டுகிறது.

தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப்படும் ஆர். முத்தையா 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போனவர். தமிழுக்கு 247 எழுத்து; மெஷினில் ஐம்பது விசைகூட இல்லை. அவர் கண்ட வழி நகரா விசை. அமுக்கினால் குறி பதியும், தாள் நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து விழும்.

பிறகு 2000களில் முகுந்தராஜின் எ-கலப்பை வந்தது. யூனிகோடில் தமிழ் எழுதப் பலர் பழகியது அதில்தான். அதன் ஆரம்பப் பதிப்புகளுக்குள் ஓடியது கீமேன் என்ற இன்னொரு மென்பொருள். மார்க் டர்டின் என்பவர் 1993இல் லாவோ மொழிக்காகத் தொடங்கியது அது. முகுந்தராஜைத் தெரிந்த எங்களில் எத்தனை பேருக்கு டர்டினைத் தெரியும்? புது வசதி வந்தால் கடைசியாகக் கை வைத்தவரின் பெயர்தான் முன்னுக்கு நிற்கும். அடியில் கிடப்பவர் மறைந்துபோவார்.

இதில் எமுலேட்டர்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கிய 'மேம்' எமுலேட்டரின் நிரல் கோப்புகளில், உரிமையாளர்களின் பெயர் தலைப்பிலேயே இருக்கும். 2016இல் அதைத் திறந்த மூல உரிமத்துக்கு மாற்றுவதற்காக, பல வருடங்களுக்கு முன் பங்களித்தவர்களையும் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்டார்கள். பெயரை எழுதி வைக்காவிட்டால் யாரைத் தேடுவது?

இதை எழுதும்போது எங்கட கதையும் ஞாபகம் வருகிறது. நாங்கள் போட்ட மலரின் முதல் பக்கத்தில் ஆசிரியர் குழு என்டு எங்கள் எட்டுப் பேரின் பெயரும் இருந்தது. எல்லாவற்றையும் பாமினியில் அடித்து, யூனிகோடுக்கு மாற்றி, மாறும்போது உடைந்த எழுத்துகளை இரவிரவாகத் திருத்திய ராத்தாவின் பெயர் எங்கேயும் இல்லை. அவ ஒண்டுமே சொல்லல்ல. மலரை விரிச்சுப் பாத்துட்டு மூடி வெச்சா.

அடுத்த மலரில் அவட பெயர் முதல் பக்கத்தில் வரும். இந்த முறை அதை அடிக்கப்போவது நாங்கள்.