வாழ்நாள் கற்றலுக்கான முதன்மைத் திறன்கள்

படிப்பு முடிந்த பின்னும் வேலையிலும் பொதுவாழ்விலும் தொடர்ந்து கற்க ஒருவருக்குத் தேவைப்படும் அறிவு, திறன், மனப்பாங்கு ஆகியவற்றின் தொகுப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 டிசம்பரில் வெளியிட்ட பரிந்துரை இவற்றை எட்டாக வகுத்தது. 2018 மே மாதம் அது திருத்தப்பட்டது. எழுத்தறிவு, பன்மொழி, கணிதமும் அறிவியலும், டிஜிட்டல், குடிமை, தொழில்முனைவு, பண்பாடு ஆகியவை ஏழு. முதல் பட்டியலில் தனித்து நின்ற ‘கற்கக் கற்றல்’, திருத்தத்தில் தனிநபர், சமூகத் திறன்களோடு எஞ்சிய ஒரே தலைப்பில் சேர்க்கப்பட்டது. அதன் முக்கியத்துவத்துக்கு இது கொஞ்சம் நெருக்கடியான இடம்தான்.

பல்கலைக்கழக மாணவருக்கு இன்னும் நேரடியாகப் பொருந்துபவை, பட்டம் முடித்தவரிடம் எதிர்பார்க்கப்படும் திறன்களைச் சொல்லும் டப்ளின் விவரிப்புகள். ஐரோப்பிய உயர்கல்வி அமைச்சர்கள் 2005இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஏற்ற தகுதிச் சட்டகத்தில் இவை இடம்பெற்றன. ஐந்தாவது விவரிப்பு கற்றல் திறன்: இளநிலை முடித்தவர் பெருமளவு தற்சார்போடு மேலே படிக்கக்கூடியவராக இருக்க வேண்டும், முதுநிலை முடித்தவர் தம் கற்றலைப் பெரும்பாலும் தாமே வழிநடத்த வேண்டும். மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் இது எளிதில் பிடிபடாது. ஆய்வேட்டில் தெரிந்துவிடும்: பரந்த கேள்வியைக் கையாளும் அளவுக்குச் சுருக்குவது, முரண்படும் இரு கட்டுரைகளில் எதன் சான்று வலுவானது என எடைபோடுவது, வழிகாட்டி சொல்லுமுன்பே தரவிலுள்ள ஓட்டையைக் குறித்துவைப்பது.